லாஸும் லூஸும்

பரிமளாவுக்கு ஐம்பத்து நாலு வயதில் இங்கிலீஷ் படிக்கவேண்டிய தேவை வந்தது. மகன் இருந்தவரைக்கும் அந்தத் தேவை வரவில்லை.

மகன் கிரண் புனேயில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அங்கேயே கூட வேலை பார்த்த பர்ணாலி என்ற அசாம் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகுதான் சேவூருக்கு ஃபோன் போட்டுச் சொன்னான். அவன் அப்பா லோகநாதன் கொஞ்ச நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண் நேரில் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நேராக அவருடைய தறி ஷெட்டுக்குள் போய் நின்றபோது கோபம் பாதி இறங்கிப்போனது. அவர்கள் ஊரில் அவள் அம்மாவும் நெய்வாளாம். "இந்தப் பட்டு நூல் எங்க இருந்து வருதுன்னு கேக்கறாப்பா" என்று கிரண் கேட்டுச் சொன்னான். லோகநாதன் பெங்களூர் என்று ஆரம்பித்து, சாயம் போடுவதுவரை சொல்லி முடித்தார்.

இரண்டு தடவை வந்து தங்கினார்கள். இரண்டு தடவையும் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் கிரண்தான் வாய். அவள் இரண்டு வார்த்தை பேசினால் இவன் பத்து வார்த்தையாக மாற்றிச் சொல்வான்.

"அம்மா, உன் வத்தக்குழம்பு மாதிரி எங்கியும் சாப்டதில்லையாம். புனேல கடை போட்டா கூட்டம் அள்ளுமாம்."

"அவ 'நைஸ்'னுதானேடா சொன்னா? எனக்குக் காது இல்லியா?"

பர்ணாலிக்கு விஷயம் புரிந்துவிடும். கிரணின் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு பரிமளாவைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பரிமளாவுக்குப் பிடித்திருந்தது. பேசிப் பழக இன்னும் வருஷம் கிடக்கிறதே என்று இருந்துவிட்டாள்.

மூன்றாவது வருஷம் மழைக்காலத்தில் விபத்து நடந்தது. ஸ்கூட்டர் ஈர ரோட்டில் வழுக்கியது. பர்ணாலி இந்தப் பக்கம் விழுந்தாள், கிரண் அந்தப் பக்கம். அந்தப் பக்கம்தான் லாரி வந்தது. வண்டியை ஓட்டியவள் பர்ணாலி.

உடம்பை ஆம்புலன்ஸில் சேவூருக்குக் கொண்டுவந்தபோது பர்ணாலி ஆஸ்பத்திரியில் இருந்தாள். கருமாதிக்குத்தான் அண்ணனோடு வந்தாள். முகத்தில் காயம் ஆறாமல் இருந்தது. பந்தலில் ஒரு ஓரமாக வந்து நின்றவளைப் பார்த்ததும் லோகநாதன் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"பின்னாடி குந்திகினு இருந்தவன் பூட்டான். ஓட்டினவ வந்து நிக்கிறா. ஆம்பளை கூட இருக்கும்போது இவ இன்னாத்துக்கு வண்டியை எடுக்கணும்?"

பர்ணாலிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பியதை அவள் பார்த்தாள். கீழே குனிந்துகொண்டாள். பரிமளா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். என்னவோ சொல்லவேண்டும் போல இருந்தது. தங்கை மகள் துர்கா பக்கத்தில் வந்து நின்று, "இன்னா சொல்லணும், சொல்லுங்க பெரியம்மா, நான் இங்கிலீஷ்ல சொல்றேன்" என்றாள்.

பரிமளா வாயைத் திறந்தாள். துர்காவின் முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது. நடுவில் ஒருத்தியை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியதாக அது இல்லை. அன்று சாயந்திரமே அண்ணனும் தங்கையும் சென்னைக்குக் காரில் போய்விட்டார்கள்.

அதன் பிறகு அவ்வப்போது வாட்ஸப்பில் 'அம்மா, ஹவ் ஆர் யூ' என்று வரும். துர்கா வந்தால் அதைப் படித்து, 'ஃபைன்' என்று பதில் போடுவாள். அப்படியென்றால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம் என்பது பரிமளாவுக்கு ஒரு நாள் தெரிந்தது.

"நான் நல்லாக் கீறேன்னா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வச்சிக்கீற? வேற ஒண்ணும் இல்லியா உங்க இங்கிலீஷ்ல?" என்று துர்காவிடம் சண்டை பிடித்தாள். அடுத்த வாரம் டவுன் பஸ் ஏறி ஆரணிக்குப் போய் பானுப்ரியாவின் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், மொபைல் கடைக்கு மேலே ஒரு அறை. வெளிநாட்டுக்குப் போகத் தயாராகும் நர்ஸ் பெண்கள், இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் என்று வகுப்பில் எல்லாரும் இருபது சொச்சம் வயது. பானுப்ரியாவுக்கே முப்பது ஆகவில்லை. மற்றவர்கள் மாதிரி பரிமளாவும் அவளை 'மிஸ்' என்றே கூப்பிட்டாள். எதற்குப் படிக்கிறீர்கள் என்று பானுப்ரியா கேட்டபோது, "சும்மாதான் மிஸ். வீட்ல குந்திகினு இருந்தா பேஜாரா கீது" என்று சொன்னாள். லோகநாதனிடமும் அதையேதான் சொன்னாள். அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவில் தலையை ஆட்டினார்.

நூல் சுற்றும் வேலையை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுப் பஸ் ஏறுவாள். ஐயாம், யூ ஆர், ஷி இஸ் என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள். எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்கு முன்பே தெரியும். புடவை டப்பாக்களின்மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் படித்து வந்த பழக்கம். பேச்சுதான் வரவில்லை. மாதங்கள் போகப் போக, கடைக்குப் போனேன், பஸ் வரவில்லை என்கிற அளவுக்கு வந்தது.

ஒரு நாள் பானுப்ரியா போர்டில் வார்த்தைகளை இரண்டிரண்டாக எழுதினாள்.

"இதெல்லாம் அக்கா தங்கச்சி மாதிரி. பார்க்க ஒரே ஜாடையா இருக்கும், ஆனா ஒண்ணு பேரு, ஒண்ணு வேலை. அட்வைஸ்னு நாம ஒரே வார்த்தையாத்தான் சொல்றோம். இங்கிலீஷ்ல ரெண்டு இருக்குது. புத்திமதின்னு அர்த்தம் வந்தா கடைசில பாம்பு சீறணும். புத்தி சொல்றதுன்னு வந்தா வண்டு ரீங்காரம் போடணும்."

நர்ஸ் பெண்கள் சீறியும் ரீங்காரம் போட்டும் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்தது மூச்சு. ப்ரெத் என்றால் மூச்சு, ப்ரீத் என்றால் மூச்சு விடுவது. "ஆஸ்பத்திரில இதை மாத்தி எழுதினீங்கன்னா டாக்டர் உங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாரு" என்றாள் பானுப்ரியா. அதற்கு அடுத்த வரியில் லாஸ் என்றும் லூஸ் என்றும் எழுதினாள்.

"லாஸ்னா இழப்பு. லூஸ்னா இழக்கறது."

லூஸ் என்றதும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உங்க ஃப்ரெண்டைத் திட்டற லூசு இல்லம்மா இது. அதுல ரெண்டு ஓ வரும், இதுல ஒண்ணுதான்" என்றாள் பானுப்ரியா.

பரிமளா சிரிக்கவில்லை. கருமாதி அன்று சொல்ல வந்து நின்றுபோனது இந்த வரியில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. என் பிள்ளையை நீயும் இழந்திருக்கிறாய். அது மட்டும்தான் அவள் சொல்ல நினைத்தது.

பஸ்ஸில் வரும்போது எந்த வார்த்தை என்று யோசித்தாள். லாஸ் அவளுக்குப் புது வார்த்தை இல்லை. பட்டுக் கடைத் தெருவில் அதைச் சொல்லாத வாய் கிடையாது. சரக்கு தேங்கினால் லாஸ், ஜரிகை விலை ஏறினால் லாஸ், கல்யாண சீசன் மந்தமானால் லாஸ். டீ குடித்துக்கொண்டே சொல்வார்கள், அடுத்த மாதமே அதை மறந்தும்போவார்கள். தன் பிள்ளை செத்ததை அந்த வார்த்தையால் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. லூஸ் எந்தக் கடையிலும் கேட்காத வார்த்தை. அதுவே சரி என்று முடிவு செய்தாள். மிஸ்ஸிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்தது. காட்டினால் எல்லாவற்றையும் சொல்லவேண்டிவரும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் லோகநாதன் ஷெட்டில் இருந்தபோது, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசிப் பதிவு செய்தாள். குரல் நடுங்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வார்த்தையையும் அழுத்திச் சொன்னாள்.

"பர்ணாலி. ஐயாம் அம்மா. யூ லூஸ் மை சன். ஐ கெனாட் ஃபர்கெட். எவ்ரிடே ஐ திங்க் யூ."

அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். மனசு லேசாகிப்போனது. என் மகனை நீயும் இழந்தாய், அதை என்னால் மறக்க முடியவில்லை, தினமும் உன்னையேதான் நினைக்கிறேன். சொல்லியாகிவிட்டது.

டிக் நீலமானது. பதில் வரவில்லை. அழுதுகொண்டிருப்பாள் என்று பரிமளா நினைத்தாள். பதில் மறுநாள் வந்தது. யாரையும் கூப்பிடாமல் அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'ஐ நோ, அம்மா. ஐயாம் சாரி. ஐ வில் நாட் டிரபிள் யூ எகெய்ன்.' எனக்குத் தெரியும் அம்மா. என்னை மன்னித்துவிடுங்கள். இனி உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கமாட்டேன்.

தானாகவே படித்துவிட்டோம் என்று ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான், தொந்தரவா, இவள் எப்போது தொந்தரவு கொடுத்தாள் என்று குழம்பினாள். ஃபோன் போட்டாள். போகவில்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஃபோட்டோ காணாமல்போயிருந்தது.

அன்று வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே போய்விட்டாள். பானுப்ரியா போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பரிமளா ஃபோனை நீட்டி, பதிவைப் போட்டுக்காட்டினாள். பானுப்ரியா ஒரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள்.

"ஆன்ட்டி, இது யாருக்கு அனுப்பினீங்க?"

"என் மருமவளுக்கு. என் புள்ள செத்துட்டான் மிஸ்."

பானுப்ரியாவுக்கு இது தெரியாது. துணியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க இன்னா சொல்ல நெனச்சீங்க?"

பரிமளா சொன்னாள். பானுப்ரியா எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கைவிரல்களைப் பிசைந்தாள்.

"லூஸ்னு சொன்னா அது ஒரு வேலை ஆன்ட்டி. யாரோ ஒருத்தர் அதைச் செஞ்ச மாதிரி ஆயிடும். பர்ஸைத் தொலைச்சேன், சாவியைத் தொலைச்சேன்னு சொல்றதுக்கும் அதேதான். நீங்க சொன்னதை அவங்க 'நீ என் புள்ளயைத் தொலைச்சிட்ட, அதை நான் மறக்கமாட்டேன்'னு கேட்டிருப்பாங்க."

"லாஸ்னு சொல்லியிருந்தா?"

"அதுல செஞ்சவங்கன்னு யாரும் வரமாட்டாங்க. துக்கம் மட்டும்தான் இருக்கும்."

"அது யாவாரத்து வார்த்தைன்னுதான் மிஸ் நான் வேணாம்னு உட்டேன்." பிறகு அவளே சொன்னாள்: "வண்டி ஓட்டினது அந்தப் பொண்ணுதான் மிஸ்."

படிக்கட்டில் பெண்கள் பேசிக்கொண்டே ஏறிவரும் சத்தம் கேட்டது.

பர்ணாலி இவள் நம்பரை பிளாக் செய்திருந்ததால், கிரணோடு வேலை பார்த்த அஜித் என்ற பையனை விசாரித்து, துர்காதான் அவள் வீட்டு நம்பரை வாங்கிக்கொடுத்தாள். அவள் புனேயை விட்டு, ஜோர்ஹாட் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். பரிமளா ஃபோன் போட்டபோது ஒரு வயதான குரல் எடுத்தது. அசாம் பேச்சு. பரிமளா "பர்ணாலி" என்றாள். அந்தம்மாள் ஏதோ கேட்டாள். "கிரண் அம்மா" என்றாள் பரிமளா. அந்தம்மாள் "கிரண்" என்று மட்டும் சொல்லி விசும்பினாள். ஃபோன் கை மாறியது.

"அம்மா?"

பரிமளா நாள்முழுக்கச் சொல்லிப்பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள். "பர்ணாலி, மை இங்கிலீஷ் ராங். நாட் யூ லூஸ். யுவர் லாஸ். மை லாஸ். சேம் லாஸ்."

பர்ணாலி, "ஐ வாஸ் டிரைவிங், அம்மா" என்றாள்.

"ஐ நோ."

அதற்கப்புறம் அவள் நிறையப் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனாலும் பரிமளாவின் கைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அகப்பட்டது. எவ்ரிபடி என்றாள், கைண்ட் என்றாள். யூ செட் இட் என்றாள். கடைசியில் ஐ வாஸ் ரிலீவ்ட் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் பரிமளாவுக்குத் தெம்பு வந்தது. அது தெரிந்த வார்த்தை. கிரண் சென்னையில் வேலையை விட்டுவிட்டுப் புனேக்குப் போனபோது, "பழைய கம்பெனில ரிலீவ் ஆயிட்டேன்மா" என்று சொன்னான். இவளும் வேலையை விட்டுவிட்டாள் போல. உடம்பு தேறட்டும், அதுவும் நல்லதுதான்.

"குட்" என்றாள் பரிமளா. "வெரி குட், பர்ணாலி."

அந்தப் பக்கம் மூச்சை உள்ளே இழுத்த மாதிரி ஒரு சத்தம். "ஓகே, அம்மா" என்றாள் பர்ணாலி. ஃபோன் நின்றது.

மறுநாள் வகுப்பில் பரிமளா இதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். "பேசிட்டேன் மிஸ். தப்பைத் திருத்திச் சொல்லிட்டேன். அவ வேலையை உட்டு ரிலீவ் ஆயிட்டாளாம்."

"வேலையைப் பத்திச் சொன்னாங்களா?"

"எவ்ரிபடி கைண்டுன்னா. நான் சொன்னேன்னு ஏதோ சொன்னா. அப்புறம் ரிலீவ்டுன்னா."

பானுப்ரியா கண்ணை மூடித் திறந்தாள். இதை எப்படிச் சொல்லாமல் விடுவது என்று யோசிப்பது போல இருந்தது.

"ஆன்ட்டி, ரிலீஃப்னா பாரம் இறங்கி வர்ற நிம்மதி. ரிலீவ்டுன்னா அந்த நிம்மதி வந்துச்சுன்னு. எல்லாரும் அவங்ககிட்ட அன்பாவே பேசியிருக்காங்க. ஒருத்தர்கூட நீதான் காரணம்னு சொல்லல. உள்ளுக்குள்ள அது அரிச்சிகினே இருந்திருக்குது. நீங்க சொன்னதும், அப்பாடா, ஒருத்தராவது சொல்லிட்டாங்களேன்னு இருந்துச்சாம்."

பரிமளா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னா பதில் சொன்னேன் தெரியுமா மிஸ்? குட்டுன்னு சொன்னேன். வெரி குட்டுன்னு சொன்னேன்."

வகுப்பு ஆரம்பித்தது. அன்று என்ன பாடம் நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. முடிந்து எல்லாரும் இறங்கிப்போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், நடுவில் ஆள் வேண்டாம் என்று இத்தனை மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த பிடிவாதத்தை விட்டாள்.

"மிஸ், நீங்களே போட்டுப் பேசுங்க. நான் தமிழ்ல சொல்றேன். ஒண்ணும் உடாம சொல்லுங்க."

பர்ணாலி எடுத்தாள். பரிமளா சொல்லச் சொல்ல, பானுப்ரியா ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொன்னாள். கருமாதி அன்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல முடியாமல்போனது, துர்கா போட்ட 'ஃபைன்', கடை வார்த்தை வேண்டாம் என்று லாஸை ஒதுக்கியது, ரிலீவ் என்றதைத் தப்பாகப் புரிந்துகொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். "உன் மேல எனக்குக் கோவம் இருந்ததே இல்ல. அன்னிக்குப் பந்தல்ல உன்னைப் பார்த்தப்போ, இவளாவது பொழைச்சாளேன்னுதான் இருந்துச்சு." அதை மாற்றிச் சொல்லும்போது பானுப்ரியாவின் குரல் உடைந்தது.

பர்ணாலி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா என்ன சொல்றார்னு கேக்கறாங்க ஆன்ட்டி."

பரிமளாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அவருக்கு இன்னும் நாளாகும்னு சொல்லுங்க."

பானுப்ரியா சொன்னாள். பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பினாள். "எனக்கும்தான்னு சொல்றாங்க."

வருஷத் தெவசத்துக்குப் பர்ணாலி வரவில்லை. பந்தியில் உட்கார்ந்த சொந்தக்காரர் ஒருவர், மருமகள் எங்கே என்று கேட்டார். "எந்த மூஞ்சிய வச்சிகினு வருவா?" என்றார் லோகநாதன். பரிமாறிக்கொண்டிருந்த பரிமளா, "நம்ம மூஞ்சியைப் பார்க்க முடியாமத்தான் வரலீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். ஊரார் முன்னால் அவள் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சாப்பிடாமலே எழுந்து போனார்.

பரிமளா வகுப்பை நிறுத்தவில்லை. பர்ணாலி எப்போதாவது ஃபோன் செய்வாள். மழை, சமையல், அவள் அம்மாவின் முழங்கால் வலி என்று ஏதாவது பேசிவிட்டு வைப்பாள். கிரண் பேரை இரண்டு பேரும் எடுப்பதில்லை. அப்படியே இன்னொரு மழைக்காலமும் வந்தது.

ஒரு நாள் சாயந்திரம், பேச்சை முடிக்கப்போகிற மாதிரி இருந்துவிட்டு, அம்மா, ஒன்று சொல்லவேண்டும் என்றாள் பர்ணாலி. அன்று கிரண் ராத்திரி வேலை முடித்து வந்தான். நான்தான் ஓட்டுவேன் என்றான். கண் சிவந்திருந்தது, நான் விடவில்லை, சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். ஹெல்மெட் இடித்துக்கொண்டே இருந்தது. அவன் எழுந்துவிடக்கூடாதே என்று மெதுவாகத்தான் போனேன்.

எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் சொன்னாள். ஒரு வார்த்தைக்குக்கூட பரிமளா அர்த்தம் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் நேராக உள்ளே இறங்கியது. இதைப் புரிந்துகொள்வதற்குத்தானா படித்தோம் என்று அப்போது இருந்தது. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், "ஐயாம் ஹியர், பர்ணாலி" என்றாள். அந்தப் பக்கம் அழுது முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

பிறகு ஷெட்டுக்குப் போனாள். லோகநாதனுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகத் தறியை அவளே நிறுத்தினாள். அவர் ஏன் என்பது போலப் பார்த்தார். கேட்டதை அப்படியே தமிழில் சொன்னாள்.

லோகநாதன் தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தூங்கிகினுதான் இருந்தானா?"

"ஆமாங்க."

"அப்போ ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. ஆம்புலன்ஸ் வந்து நின்ற அன்றுகூட அவர் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

பர்ணாலியிடம் அவர் அதற்குப் பிறகும் பேசவில்லை. ஓட்டினவ என்ற பேச்சை மட்டும் எடுப்பதில்லை. பர்ணாலியின் ஃபோன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பேசி முடிக்கும்வரை தெருவில் நின்றுவிட்டு வருவார். என்ன பேசினாள் என்று கேட்கமாட்டார். பரிமளா சோறு போடும்போது தானாகவே சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.